மலை இறங்கினால் கடகடக்கும் செயின்: ஒரு போர்ஷே 911 எஸ்.சி.க்கு டென்ஷனர் மாற்றியது

வண்டி 1979 மாடல் போர்ஷே 911 எஸ்.சி. வலப்பக்க ஸ்டியரிங், 2,994 சிசி, ஆறு சிலிண்டர், காற்றால் குளிரும் பின்பக்க எஞ்சின். உரிமையாளர் ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். வேலை இருந்தால் சேலத்துக்கு இறங்குவார், அன்றைக்கே ஏறிவிடுவார். மற்ற நாட்களில் வண்டி ஷெட்டில் நிற்கும். பட்டறைக்கு வந்தபோது அவர் சொன்னது இதுதான்:

"காலையில ஸ்டார்ட் பண்ணா கொஞ்ச நேரம் கடகடன்னு ஒரு சத்தம் வருதுங்க, அப்புறம் அடங்கிடுது. அது கூடப் பரவாயில்ல. மலை இறங்கி அடிவாரத்துல செக்போஸ்ட்கிட்ட நிக்கறப்ப மறுபடியும் அதே சத்தம். ஏறறப்ப ஒண்ணுமே இல்லைங்க."

புகாரின் முதல் பாதி இந்த எஞ்சினைத் தெரிந்த யாருக்கும் புதிதல்ல. பழைய 911-களில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்தால் குளிர்ந்த எஞ்சின் அப்படித்தான் கத்தும். ஏறும்போது இல்லாத சத்தம் இறங்கியதும் வருவதுதான் கணக்கில் உதைத்தது. டென்ஷனர் மட்டும் கெட்டிருந்தால் இப்படி நேரம் பார்த்துக் கத்தாது.

செயின் ஓடும் வழி

இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கின்றன. கிராங்க் ஷாஃப்டுக்குக் கீழே, பல்சக்கரத்தால் சுற்றும் ஓர் இடைத்தண்டு இருக்கிறது. அதிலிருந்து இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு இரட்டை வரிசைச் செயின்கள் புறப்பட்டு வால்வுகளைத் திறக்கும் அந்தந்தப் பக்கத்துக் கேம் ஷாஃப்டைச் சுற்றுகின்றன. எஞ்சினின் பின்முகத்தில் தனித்தனிச் செயின் பெட்டிகள். உள்ளே செயின் உரசி ஓடப் பிளாஸ்டிக் கைடுகள், இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு. அப்புறம் ஐட்லர் கை. அதன் ஒரு முனை பெட்டியில் பதித்த எஃகுப் பின்னில் ஆடும். மறுமுனையில் உள்ள சிறிய ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) செயினின் தளர்ந்த பக்கத்தை அழுத்தும். அந்தக் கையை முட்டுக்கொடுத்துத் தள்ளுவதுதான் டென்ஷனர்.

இரண்டு செயினும் ஒரே திசையில் ஓடுவதால் ஒரு பக்கத்தில் தளர்ந்த ஓட்டம் மேலே வரும், இன்னொரு பக்கத்தில் கீழே வரும். அதனால் இடது டென்ஷனரும் வலது டென்ஷனரும் வேறு வேறு பொருட்கள். வாங்கும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

டென்ஷனர் முழுக்கக் கைவிட்டால் செயின் ஸ்ப்ராக்கெட்டில் பல் தாண்டும். பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்கு வந்து மோதிக்கொள்ளும். அப்படி நடந்தால் செயின் பெட்டியைத் திறந்து முடிகிற வேலை அல்ல. ஹெட்டை இறக்கி வால்வும் பிஸ்டனும் வாங்க வேண்டும். "சத்தம்தானே, ஓட்டிக்கொண்டே பார்க்கலாம்" என்று இந்த எஞ்சினில் மட்டும் சொல்லக்கூடாது என்பது அதனால்தான்.

எழுபதுகளிலிருந்து 1983 வரை வந்த 911-களில் டென்ஷனர் தனக்குள் எண்ணெயை அடைத்து வைத்த ஒரு மூடிய டேம்பர். உள்ளே ஸ்பிரிங் தள்ளும், எண்ணெய் அதிர்வைத் தாங்கும். சீல் வயதாகி எண்ணெய் கசிந்துவிட்டால் தாங்குவதற்கு எதுவும் இல்லை. ஸ்பிரிங் மட்டும் துள்ளிக்கொண்டிருக்கும். 1984-இல் 3.2 லிட்டர் கரேரா மாடல் வந்தபோதுதான் போர்ஷே இதற்கு உருப்படியான தீர்வு கண்டது: எஞ்சின் ஆயிலையே பிரஷரோடு டென்ஷனருக்குள் அனுப்புவது. அதையே பழைய வண்டிகளுக்கும் மாட்டும்படி கிட்டாகத் தந்தார்கள்.

இதற்கு நடுவே இன்னொரு மாற்றமும் நடந்தது. டென்ஷனரைப் பற்றியே பேசுகிறவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். 1980 மாடலிலிருந்து ஐட்லர் கையின் அடிப்பாகத்தை அகலமாக்கி, வெண்கல புஷ் போட்டார்கள். அதற்கு முந்திய குறுகலான கை பின்னில் சாய்ந்து உரசி இறுகிப்போகும் என்பதால் செய்த மாற்றம் அது. நம் கைக்கு வந்த வண்டி 1979.

சத்தத்தைத் தேடியது

எஸ்.சி.யில் கடகடவென்று கேட்டால் குற்றம் சாட்ட ஆள் நிறைய இருக்கிறது. இந்த மாடல்களில் கிளட்ச் தட்டின் நடுவில் ரப்பர் இருக்கும். அது பிய்ந்தால் கியர்பாக்ஸ் பக்கம் உதறும். ஹெட்டைப் பிடிக்கும், டிலாவர் என்ற கலவை உலோகத்தில் செய்த ஸ்டட்கள் உடைவது எஸ்.சி.க்குப் பேர்போன வியாதி. உடைந்தால் ஹெட் அருகே புகை கசிந்து "டிக் டிக்" என்று கேட்கும், சூடானதும் குறையும். டேப்பெட் இடைவெளி (வால்வுக்கு விடும் இடைவெளி) கூடினாலும் டிக் டிக்தான். விசிறி பேரிங், ஏ.சி. கம்ப்ரசர் என்று வரிசை போகிறது.

கிளட்சை மிதித்தும் விட்டும் பார்த்தோம், சத்தத்தில் மாற்றம் இல்லை. விசிறி பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓட்டிப் பார்த்தோம், சத்தம் போகவில்லை. (காற்றால் குளிரும் எஞ்சின் இது. விசிறி இல்லாமல் அதற்கு மேல் ஓட்டக்கூடாது.) டேப்பெட் எல்லாம் 0.10 மில்லிமீட்டரை ஒட்டியே இருந்தன. ஸ்டட்களும் நன்றாக இருந்தன. அப்படிக் கழித்துக்கொண்டே வந்ததில் மிஞ்சியது செயின் பெட்டிகள்தான். காலை ஸ்டார்ட்டில் ஒரு நீண்ட ஸ்க்ரூ டிரைவரைப் பெட்டி மூடியில் வைத்துக் கைப்பிடியில் காதை வைத்தபோது, இடது பெட்டியில் செயின் அடிப்பது தெளிவாகவே கேட்டது. வலது பக்கம் அமைதி.

ஆனால் சூடான எஞ்சினில் அதே சத்தத்தைப் பட்டறையில் வரவழைக்க முடியவில்லை. ஐந்து ரோட்டுப் போக்குவரத்தில், மதிய வெயிலில், ஏ.சி. போட்டுக்கொண்டு நின்றும் பார்த்தாயிற்று. ஆயில் நன்றாகச் சூடானது, ஐடிலில் பிரஷரும் இறங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. ஆயில் நீர்த்துப்போவதுதான் காரணம் என்றால் சேலத்து வெயிலில் கத்தியிருக்க வேண்டும். சரி, மலைக்கே போவோம் என்று உரிமையாளரை ஓட்டச்சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஏறும்போது, அவர் சொன்னபடியே, ஒன்றுமில்லை. மேலே வண்டியை நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு உடனே இறங்கினோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிய கியரிலேயே இறங்கினார். மலைக்காரர்கள் பிரேக்கை நம்புவதில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது ஆயில் வெப்ப மானியை. ஏறும்போது நன்றாக மேலே போயிருந்த முள், இறங்க இறங்கத் தாழ்ந்துகொண்டே வந்தது. அறுபது அடிப் பாலம் தாண்டி வரும்போதே லேசாகச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. அடிவாரத்தில் ஐடிலில் நின்றபோது காலையில் கேட்ட அதே கடகட.

விடை அந்த முள்ளில் இருந்தது.

சூட்டில் வளரும் எஞ்சின்

இந்த எஞ்சினின் கிராங்க் கேஸ், சிலிண்டர், ஹெட் எல்லாம் அலுமினியக் கலவை. செயின் எஃகு. எழுபதுகளின் 911-கள் பலவற்றில் கிராங்க் கேஸ் மெக்னீசியமாக இருந்தது, எஸ்.சி.யில் அலுமினியத்துக்கு வந்தார்கள். மெக்னீசியத்தின் தாதுவான மாக்னசைட் தோண்டும் சேலத்துக்கும், மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்கு பாக்ஸைட் அனுப்பிய ஏற்காட்டுக்கும் இரண்டு உலோகமும் சொந்தக்காரர்கள்தான் என்று உரிமையாளரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, சத்தத்தைப் பற்றிய கவலையில் இருந்தார்.

அலுமினியம் சூட்டில் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். எஞ்சின் சூடாகும்போது இடைத்தண்டுக்கும் கேம் ஷாஃப்டுக்கும் உள்ள தூரம் செயினின் நீளத்தைவிட அதிகமாக வளர்கிறது. தோராயமாக ஒரு கணக்கு: இடைவெளி 300 மில்லிமீட்டர், சூடு 80 டிகிரி கூடுகிறது என்று வைத்தால், இரண்டுக்கும் கால் மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். கேட்கச் சிறியதாக இருக்கிறது. ஆனால் இழுத்துக் கட்டிய செயினில் நீளத்தில் கால் மில்லிமீட்டர் தளர்ந்தால் நடுவில் சில மில்லிமீட்டர் தொய்யும். ஆக, குளிர்ந்த எஞ்சினில் செயின் தளர்வு, சூடான எஞ்சினில் இறுக்கம். இந்த இரண்டுக்கும் இடையே ஐட்லர் கை ஒவ்வொரு ஓட்டத்திலும் உள்ளே போய் வெளியே வர வேண்டும்.

மலை ஏறும்போது எஞ்சின் முழுச் சூட்டுக்குப் போகிறது. செயின் இறுகி, கையை உள்ளே தள்ளுகிறது. செயினுக்கு அதற்கான பலம் இருக்கிறது, கை எவ்வளவு இறுகியிருந்தாலும் தள்ளிவிடும். இறங்கும்போது ஆக்சிலரேட்டரில் கால் இல்லை, எரிகிற பெட்ரோல் சொற்பம், ஆனால் கியர் பிடித்திருப்பதால் எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதோடு விசிறியும் சுற்றிக் காற்றை வாரி அடிக்கிறது. எஞ்சின் வேகமாகக் குளிர்கிறது, செயின் தொய்கிறது, கை வெளியே வர வேண்டும். வெளியே தள்ள வேண்டியது டென்ஷனர் ஒன்றுதான். அது பலவீனமாகவும் கை பின்னில் துருப்பிடித்த கேட் கீல் போல இறுகியும் இருந்தால், கை உள்ளேயே நின்றுவிடும். தொய்வை எடுக்க ஆளில்லை.

காலை ஸ்டார்ட்டுக்கும் இதே விளக்கம் பொருந்துகிறது. ஏற்காட்டு இரவுக் குளிரில் தொய்வு உச்சத்தில் இருக்கும். ஓடத் தொடங்கியதும் அதிர்விலும் சூட்டிலும் சரியாகிவிடுகிறது. சமவெளியான சேலத்தில் எஞ்சின் சூடாகி அப்படியே சூட்டில் நிற்பதால் சத்தம் வர வழியில்லை. மலைப்பாதை இல்லாத ஊரில் இந்த வண்டி இருந்திருந்தால் இறுகிப்போன கையைப் பற்றி யாரும் யோசித்திருக்கவே மாட்டார்கள். டென்ஷனரை மட்டும் மாற்றி அனுப்பியிருப்பார்கள்.

திறந்து பார்த்தபோது

முதலில் ஆயிலை வடித்து சம்ப் தட்டை இறக்கினோம். வடிகட்டி வலையில் பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துணுக்குகள்: செயின் கைடு தேய்ந்து உதிர்ந்தவை. உலோகத் துகள் இல்லை.

இடது மூடியைக் கழற்றினால் இன்னொரு விஷயம். முன்பு எங்கோ ஒரு பட்டறையில் டென்ஷனர் தண்டில் காலர் போட்டிருக்கிறார்கள். இரண்டாகப் பிளந்த ஒரு சிறு வளையம் அது; தண்டைச் சுற்றி நட்டால் இறுக்குவார்கள். டென்ஷனர் செத்தாலும் தண்டு அந்த வளையத்துக்கு மேல் உள்ளே போக முடியாது, செயின் பல் தாண்டாது. மலிவான, புத்திசாலித்தனமான காப்பு. இந்த வண்டியில் இதுவரை எஞ்சினைக் காப்பாற்றியதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் காலருக்கு ஒரு குணம் உண்டு. அதை இடைவெளியே இல்லாமல் இறுக்க முடியாது. சூட்டில் செயின் இறுகும்போது கை உள்ளே போக இடம் வேண்டும், இல்லாவிட்டால் செயினும் கைடும் அழுந்தித் தேயும். அதனால் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் வைப்பார்கள். காலப்போக்கில் செயின் நீளும், கைடு தேயும், தண்டு வெளியே நகரும், காலரும் கூடவே நகர்ந்து இடைவெளி பெருகும். அவ்வப்போது திறந்து மறுபடி வைக்க வேண்டும். இதில் யாரும் வைத்ததாகத் தெரியவில்லை. செயின் அந்த இடைவெளிக்குள் தாராளமாக அடித்துக்கொண்டிருந்தது.

இடது டென்ஷனரை வைஸில் வைத்து மெதுவாக அழுத்தினோம். நல்ல டென்ஷனர் கனமாக, நிதானமாக, எதிர்த்துக்கொண்டே இறங்கும். இது முதல் பாதித் தூரம் எதிர்ப்பே இல்லாமல் போய், பிறகுதான் பிடித்தது. வலது டென்ஷனர் இன்னும் உயிரோடு இருந்தது. ஐட்லர் கைகளில் வலது கை கொஞ்சம் கடினமாக ஆடியது. இடது கை டென்ஷனரை எடுத்த பிறகும் நின்ற இடத்திலேயே நின்றது. ரப்பர் சுத்தியலால் தட்டித்தான் பின்னிலிருந்து உருவ முடிந்தது. பின்னில் ஒரு பக்கமாகத் தேய்ந்த தடம், கையின் துளையில் அதற்கு நேரான தடம். கை சாய்ந்து கவ்வியிருக்கிறது. மலையில் கேட்டதும் இதுவும் ஒத்துப்போனது.

என்ன போடுவது

உரிமையாளருக்கு முன் மூன்று வழிகள் இருந்தன. முதல் வழி, பழைய வகை டென்ஷனரையே புதிதாக வாங்கி, காலரை மறுபடி சரியாக வைப்பது. செலவு குறைவு. சமவெளியில் கொஞ்சம் ஓட்டுகிறவருக்கு, திறந்து பார்க்கும் பொறுமை உள்ளவருக்கு, இது தவறில்லை.

இரண்டாவது வழியை எங்கள் லேத் அண்ணன் சொன்னார். செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர், எதைக் கேட்டாலும் கடைந்து தந்துவிடுவார். "ஏப்பா, இதுக்குப் போயி வெளிநாட்டுல வாங்கணுமா? ஒரு கெட்டியான போல்ட், ஒரு லாக் நட். நான் மத்தியானத்துக்குள்ள தர்றேன்" என்றார். அவர் சொன்னது கிண்டல் அல்ல. பந்தய எஞ்சின்களில் அப்படித் திடமான, கையால் வைக்கும் டென்ஷனர்கள் உண்டு. பந்தயக்காரன் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எஞ்சினைத் திறப்பான். அவன் எஞ்சின் ஏறக்குறைய எப்போதும் ஒரே சூட்டில் ஓடும். காலையில் 15 டிகிரிக் குளிரில் புறப்பட்டு, மலையில் இரண்டு முறை சூடாகிக் குளிரும் வண்டிக்கு ஒரே நிலையில் நிற்கும் போல்ட் எந்த நிலையில் நிற்பது? குளிரில் வைத்தால் சூட்டில் இறுகும், சூட்டில் வைத்தால் குளிரில் அடிக்கும். இதைச் சொன்னதும் அவரே, "அப்படின்னா வேணாம்" என்று விட்டுவிட்டார்.

மூன்றாவது வழி கரேரா வகை. இடது, வலது டென்ஷனர்கள், ஆயில் வழி வைத்த புதிய பெட்டி மூடிகள், கேம் ஷாஃப்டுக்கு ஆயில் போகும் குழாயிலிருந்து கிளை பிரியும் புதிய குழாய்கள், கேஸ்கெட்கள். 1980-க்கு முந்திய வண்டி என்பதால் புதிய அகலக் கைகளும் சேர்த்து வாங்க வேண்டும். பொருளின் விலை ஒரு பக்கம், சுங்கமும் கூரியரும் இன்னொரு பக்கம். கையை விட்டுவிட்டுக் கிட்டை மட்டும் வாங்கினால் குறையும்தான். அப்படி வாங்குவதானால் நான் மாட்டித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இறுகிய கைக்குப் பின்னால் எவ்வளவு நல்ல டென்ஷனர் வைத்தாலும் அது தள்ளுவது சுவரைத்தான்.

உரிமையாளர் நியாயமான ஒரு சந்தேகம் கேட்டார்: "ஐடில்ல ஆயில் பிரஷர் ரொம்பக் கம்மியா இருக்குதுங்க. பிரஷர்ல ஓடற டென்ஷனர் அப்ப தளராதா?" தளராது. இந்த டென்ஷனருக்குள்ளும் ஸ்பிரிங் உண்டு. எஞ்சின் நின்றிருந்தாலும் அது கையைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பிரஷரோடு வரும் ஆயில் உள்ளே நிரம்பி அதிர்வைத் தாங்குகிறது, கசிந்ததை ஈடு செய்கிறது. பழைய டென்ஷனர் ஒருமுறை இழந்த எண்ணெயைத் திரும்பப் பெற வழியில்லாதது. புதியதற்கு ஓடும் வரை வரத்து இருக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

ஆயில் பிரஷரைப் பொறுத்தவரை 911-காரர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு, சூடான எஞ்சினில் ஒவ்வோர் ஆயிரம் சுற்றுக்கும் 10 பி.எஸ்.ஐ. இந்த எஞ்சின் அதைத் தாண்டியே காட்டியது. காட்டாமல் இருந்திருந்தால் டென்ஷனருக்கு முன்னால் பேச வேண்டிய விஷயம் வேறு.

வேலை

எஞ்சினை இறக்காமலே செய்யலாம், செய்தோம். பேட்டரியைக் கழற்றி, பின் பம்பர், சைலன்சர், எஞ்சினின் பின்புறத் தகடுகள் எல்லாம் வெளியே. வேலையில் பாதி நேரம் சைலன்சர் நட்களில் போனது. நாற்பது வருடத் துருவில் இருக்கும் நட்டைப் பலத்தால் திருப்பினால் ஸ்டட் உடைந்து கையில் வரும். சூடுகாட்டி, ஊறவைத்து, கொஞ்சம் முன்னே கொஞ்சம் பின்னே என்று எடுக்க வேண்டும். ஏ.சி. கம்ப்ரசரைக் குழாய்களோடே நகர்த்திக் கட்டினோம், கேஸ் வெளியேற்றவில்லை.

கிராங்கைக் கடிகாரச் சுற்றில் மட்டும் திருப்பி, முதல் சிலிண்டர் உச்சிக்கு வந்ததைக் காட்டும், புல்லியில் உள்ள இசட்1 குறியைக் கிராங்க் கேஸ் இணைப்புக் கோட்டுக்கு நேராக நிறுத்தினோம். டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர் முதல் சிலிண்டர் குறியைப் பார்க்கிறதா என்று சரிபார்த்தோம்; ரோட்டரைப் பார்க்காமல் புல்லியை மட்டும் நம்பினால் ஒரு சுற்றுத் தப்பிப்போக வாய்ப்பு உண்டு. பிறகு இரண்டு பக்கமும் செயினுக்கும் கேம் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பெயின்ட் குறி.

இங்கே ஒரு விதியை மீறக்கூடாது: ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். டென்ஷனரை எடுக்கும் முன் செயின் தொய்யாதபடி கட்டிவைக்க வேண்டும். கை மாற்ற வேண்டியிருந்ததால் கையைப் பிடித்துவைப்பது போதாது. செயினையே கேம் ஸ்ப்ராக்கெட்டோடு சேர்த்துக் கட்டினோம். கேம் ஷாஃப்ட்டை வால்வு ஸ்பிரிங்குகள் எந்நேரமும் ஏதாவது ஒரு பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். கட்டு விட்டால் அது தானாகச் சட்டென்று திரும்பும். எங்கள் பட்டறைத் தம்பிக்கு இதைச் சொல்லி, கட்டு முடியும் வரை கிராங்க் புல்லி பக்கமே போகாதே என்று நிறுத்திவைத்தேன்.

தேய்ந்த பின்னை மெல்லிய எமரியால் தேய்த்துப் பார்த்தோம். வலது பின் சுத்தமாக வந்தது. இடது பின்னில் தடம் ஆழம், அதனால் புதியது போட்டோம். அகலக் கை உட்கார்ந்ததும் விரலால் தொட்டால் ஆடியது. உதிர்ந்துகொண்டிருந்த இடது கைடுகளையும் மாற்றினோம். பெட்டி திறந்திருக்கும்போது அதை விட்டுவைப்பதில் அர்த்தமில்லை.

புதிய டென்ஷனர் அழுத்திய நிலையில், ஒரு சிறு பின் குத்தி வருகிறது. அதை ஆயிலில் ஊறவைத்து, ஓ-ரிங்கில் ஆயில் தடவி, இடத்தில் வைத்து, ஐட்லர் கை அதன் மேல் சரியாக உட்கார்ந்த பிறகே பின்னை உருவ வேண்டும். உருவியதும் தண்டு வெளிவந்து கையைத் தள்ளும். எவ்வளவு வெளிவந்தது என்று இரண்டு பக்கமும் அளந்து குறித்துக்கொண்டோம். செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதற்கு அதைவிட எளிய சாட்சி இல்லை. இரண்டுமே கவலைப்படும் அளவில் இல்லை.

மூடியை மாட்டும்போது டென்ஷனரின் ஓ-ரிங் வைத்த மூக்கு மூடியின் துளைக்குள் போக வேண்டும். சாய்த்துத் திணித்தால் ஓ-ரிங் அறுந்து ஆயில் டென்ஷனருக்குப் போகாமல் பெட்டிக்குள் கசியும், வெளியே தெரியாது. மூடி நட்கள் எம்6, 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகவில்லை. குழாய்களை இணைக்கும், ஆயில் ஓடத் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டுகளுக்கு எல்லா வாஷரும் புதிது. கேம் பக்க இணைப்பை இறுக்கும்போது எதிர் ஸ்பேனர் கொடுத்துப் பிடித்தோம், இல்லாவிட்டால் அலுமினியத்தில் உள்ள மரை போய்விடும்.

இரண்டு பக்கமும் முடிந்ததும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று. எங்கும் தடுக்கவில்லை, புல்லிக் குறியும் கேம் குறியும் ஒன்றாகத் திரும்பி வந்தன. செயினின் பெயின்ட் குறி வராது. செயின் நீளத்துக்கு அது ஒவ்வொரு சுற்றிலும் வேறு இடத்தில் நிற்கும். தம்பி அதைப் பார்த்து ஒரு கணம் வெலவெலத்துப்போனான். கேம் டைமிங்கை டயல் கேஜ் வைத்துப் பார்த்ததில் கையேட்டு எல்லைக்குள்ளேயே இருந்தது. கேம் நட்டைத் தொடவே இல்லை என்பதால் இருக்கத்தான் வேண்டும். ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது. டேப்பெட்டை 1-6-2-4-3-5 வரிசையில், புல்லியை 120 டிகிரி 120 டிகிரியாகத் திருப்பி மறுபடி வைத்தோம்.

பிறகு ஆயில், 20டபிள்யூ-50. இது டிரை சம்ப் எஞ்சின். ஆயில் வலது பின் சக்கரத்துக்குப் பின்னால் தனித் தொட்டியில் இருக்கும், மாற்றும்போது ஏறக்குறைய 10 லிட்டர் பிடிக்கும். இக்னிஷனையும் பெட்ரோல் பம்பையும் துண்டித்து, செல்ஃப் மட்டும் விட்டு விட்டு அடித்து, கேஜில் பிரஷர் வந்த பின்னரே ஸ்டார்ட் செய்தோம். புதுக் குழாய்களில் காற்று இருந்ததால் தொடக்கத்தில் கொஞ்சம் சத்தம் கேட்டது. அதற்குள் உரிமையாளரின் முகம் மாறிவிட்டது. சில நொடிகளில் அடங்கியது. ஐடிலில் எஞ்சின் சூடானதும் ஆயில் அளவை மறுபடி பார்த்தோம். இந்த வண்டியில் டிப்ஸ்டிக்கைச் சூடான எஞ்சின் ஓடும்போது, சமதளத்தில்தான் பார்க்க வேண்டும்.

மலையில் மறுபடி

சோதனைக்கு அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கினோம். கொட்டச்சேடு தாண்டி வரும் அந்தப் பாதையின் சரிவில் கியரைப் பிடித்துக்கொண்டே நெடுநேரம் வர வேண்டியிருக்கும். எஞ்சின் குளிர்வதற்கு அதைவிடத் தோதான பாதை இல்லை. ஆயில் முள் முன்பு போலவே இறங்கியது. குப்பனூரில் வண்டியை ஓரம் கட்டி, ஐடிலில் விட்டு, இடது பெட்டி மூடியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டேன். செயின் ஓடும் சீரான சத்தம் மட்டும்தான். வண்டியை மலையிலேயே ஓரிரவு நிறுத்தி, காலைக் குளிரில் உரிமையாளரையே ஸ்டார்ட் செய்யச் சொன்னோம். ஒரு நொடி முனகல், அவ்வளவுதான் என்று போனில் சொன்னார். இரவு முழுக்க நின்ற எஞ்சினில் ஆயில் மேலே வந்துசேர அந்த ஒரு நொடி ஆகும்.

வலது மூடியின் ஓரத்தில் பிறகு லேசான ஆயில் ஈரம் தெரிந்தது. பழைய ஸ்டட் ஒன்றின் மரை வழியாக வந்தது. ஸ்டட்டை எடுத்து மரைக்கு சீலன்ட் தடவி மாட்டியதும் நின்றது.

செயின்களை மாற்றவில்லை. தொழிற்சாலையில் இணைப்பில்லாமல் வரும் செயின் அது. எஞ்சினைப் பிரிக்காமல் மாற்றுவதானால் பழையதை வெட்டி, புதியதை அதனோடு கோர்த்து இழுத்து, ரிவெட் இணைப்புப் போட வேண்டும். தண்டு வெளிவந்த அளவு இப்போது அதைக் கேட்கவில்லை. இரண்டு பக்க அளவும் ஜாப் கார்டில் இருக்கிறது. அடுத்த டேப்பெட் வேலையின்போது மூடியைத் திறந்து அதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். கிளட்சில் இருப்பது இன்னும் அந்தப் பழைய ரப்பர் தட்டுதான். அது பிய்ந்தால் எஞ்சின் எப்படியும் இறங்கியாக வேண்டும். செயின் மாற்றுவதானால் அன்றைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி வண்டியை அனுப்பினோம்.